ஷெர்லியும் தோட்டத்து மாப்பிள்ளையும்

மலேசியாவின் பேராக் தோட்டங்களின் பழைய கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளையின் வேட்டி பளிச்சென்று இருக்கும். முகத்தைத்தான் தேட வேண்டும். பழி போட்டோக்காரர் தலையில் விழும். பாவம், கேமரா மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் நடுத்தரச் சாம்பல் ஒன்றுதான். வெள்ளையைக் கண்டால் மிரண்டு படத்தையே இருட்டடித்துவிடும். ஈப்போவின் சுண்ணாம்புக்கல் மலையும் வெயிலில் பின்னால் வந்து நின்றால் கேட்கவே வேண்டாம். ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறந்தால் முகம் வரும். நெகடிவ் அதைத் தாங்கும்.

பால்மரத்தடியில் எடுத்தால் இலைவழி இறங்கும் வெளிச்சம் மணப்பெண்ணுக்குப் பச்சை பூசும். மண்டபத்து டியூப் லைட்டும் அதே பச்சைக் கட்சிதான். அதற்கு இளஞ்சிவப்பு ஃபில்டர் உண்டு.

ஃபிலிம் கழுவும் கடையில் காத்திருந்தது வேறு வில்லங்கம். நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் லேப்களுக்கு அனுப்பிய அளவு அட்டையில் பல காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அவள் கன்னம் சரியாக வந்தால் உலகமே சரி. சுங்கை சிப்புட் பெரியப்பா கரிக்கட்டையாக வந்தாலும் அட்டைக்குக் கவலையில்லை. பிறகு ஃபிலிமில் பழுப்பு நிறம் தேறியதற்குச் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் வியாபாரிகளும் செய்த புகாரே காரணம் என்று கோடாக்கில் வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நாற்காலிக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்! பல நிறத்துப் பெண்கள் அட்டையில் ஏற 1990கள் ஆயிற்று.

இன்று பேரப்பிள்ளைகள் காலாவதியான ஃபிலிமைத் தேடி வாங்கி, ஈப்போ பழைய நகரத்துச் சந்துகளில் அதே பச்சையை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். கடைக்காரர் நிறத்தைத் திருத்திக் கொடுத்தால் கோபம் வேறு. திருத்தாமல் இருப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்காதது அவருடைய பெருந்தன்மை.