விற்கப்பட்ட சரக்கின் விண்ணப்பம்

அனுப்புநர்:
விற்கப்பட்ட சரக்கு,
இந்தியத் தொகுதி (2024–27).

பெறுநர்:
நிர்வாகத்தார் அவர்கள்,
சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்,
துபாய்.

பொருள்: ஓவரின் ஆறாவது பந்து போய்ச் சேரும் இடம் வரை காட்டக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2022 ஆகஸ்டில் தாங்கள் எங்களை விற்ற ஒளிபரப்பு ஒப்பந்தம்.

ஐயா,

நான்கு ஆண்டுகளுக்கு எங்களுக்குக் கிடைத்த விலை சுமார் 300 கோடி டாலர் என்று பத்திரிகைகளில் படித்துப் பெருமைப்பட்டோம். எங்கள் பரம்பரையில் யாரும் இவ்வளவு விலைக்குப் போனதில்லை. ஒரு காலத்தில் ஆட்டத்தைக் காட்டுவதற்கு இந்திய கிரிக்கெட் வாரியம்தான் தூர்தர்ஷனுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அதாவது, எங்களை ஏற்றிச் செல்ல வண்டிக்கூலி கேட்டார்கள். 1993 ஹீரோ கோப்பையை யார் ஒளிபரப்புவது என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய், வான் அலைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பானது. அன்று முதல் அலை எங்களுடையது. அலையில் வருகிற பந்து மட்டும் ஏலத்துக்குப் போகிறது.

குறை சொல்லும் முன் நன்றி சொல்லிவிடுகிறோம். சரக்கு வாடாமல் இருக்கத் தாங்கள் படும் பாடு கொஞ்சமா? 2024 இருபது ஓவர் உலகக் கோப்பையில், இந்தியா அரையிறுதிக்கு வந்தால் இரண்டாவது அரையிறுதியில்தான் ஆடும், அதுவும் கயானாவில்தான் என்று போட்டி தொடங்கும் முன்பே எழுதி வைத்தீர்கள். பிரிவில் முதலாவதாக வந்தாலும் சரி, இரண்டாவதாக வந்தாலும் சரி. அங்கே காலை பத்தரை என்றால் இங்கே இரவு எட்டு, தோசைக்கல் சூடாகும் நேரம். முதல் அரையிறுதி டிரினிடாடில் இரவு எட்டரைக்கு நடந்தது. இங்கே அப்போது விடிகாலை ஆறு மணி. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கிறவனிடம் எந்தக் காரை விற்க முடியும்? ஆகவே அந்த நேரத்தை, வரலாற்றில் முதல் முறையாக அரையிறுதிக்கு வந்த ஆப்கானிஸ்தானுக்குக் கொடுத்தீர்கள். அவர்கள் 56 ரன்னில் சுருண்டார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் பல் துலக்கும் முன்பே கதை முடிந்துவிட்டது.

கயானாவில் அது ஒரு வியாழக்கிழமை காலை. அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு அந்தக் காலத்தில் கப்பலேறியவர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு. அங்கே இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். அந்த வம்சத்துப் பிள்ளைகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத்தான் தங்கள் ஊர் மைதானத்துக்குப் போக வேண்டியிருந்தது, நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பதற்காக. மழை மட்டும் தங்கள் அட்டவணையைப் படிக்காமல் வந்து, ஆட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிவிட்டது. மழையோடும் ஓர் ஒப்பந்தம் போட்டு வைப்பது நல்லது.

இனி பொருளுக்கு வருகிறோம்.

அதே உலகக் கோப்பையிலிருந்து கடிகாரம் ஒன்றை நிரந்தரமாக்கினீர்கள். ஒரு ஓவர் முடிந்து 60 விநாடிக்குள் அடுத்த ஓவரின் முதல் பந்துக்கு அணி தயாராக வேண்டும். இரண்டு முறை எச்சரிக்கை; மூன்றாவது முறை ஐந்து ரன் அபராதம். முதலில் மாட்டியது அமெரிக்கா, நியூயார்க்கில் இந்தியாவுக்கு எதிராக. அருமையான விதி. எங்கள் கேள்வி ஒன்றுதான்: அந்தக் கடிகாரம் ஏன் மைதானத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது?

எந்தச் சேனல் என்று சொல்லவில்லை, எல்லோருக்கும் இது பழகிப்போனதுதான். ஆறாவது பந்து. மட்டையின் விளிம்பில் பட்டுக் கவர் பக்கம் எழும்புகிறது. ஃபீல்டர் பின்னோக்கி ஓடுகிறார், பாய்கிறார், கை நீள்கிறது... நடிகர் ஒருவர் ஏலக்காய் மெல்கிறார். அடுத்து சிமென்ட். அடுத்து ஒரு கார் இமயமலை ஏறுகிறது. திரும்பி வந்தால் பந்துவீச்சாளர் ஓடி வந்து பாதி தூரம் கடந்துவிட்டார். அந்தக் கேட்ச் என்ன ஆயிற்று? ஸ்கோர் பட்டியில் இரண்டு ரன் கூடியிருக்கிறதா என்று பார்த்து நாங்களே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். படம் ஓடும்போதாவது நிம்மதியா என்றால், அது சட்டென்று ஒரு மூலைக்குச் சுருங்கி, இடப்பக்கமும் கீழேயும் பெயின்ட் டப்பா வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விக்கெட் விழுந்தால் இன்னும் மோசம். ஆட்டமிழந்தவர் பெவிலியனுக்குத் திரும்பும் நடை இருக்கிறதே, ஒரு பேட்ஸ்மேனின் முகத்தை முழுதாகப் பார்க்கக் கிடைக்கிற நேரம் அது ஒன்றுதான். பெரிய திரையை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், கையுறையைக் கழற்றியபடி தனக்குத்தானே அந்த ஷாட்டை மறுபடி ஆடிப் பார்ப்பார், எல்லைக்கோட்டில் எதிரே வருகிறவரிடம் பிட்சைப் பற்றி ஏதோ முணுமுணுப்பார். டெண்டுல்கர் தலை குனிந்து போனதை அப்படிப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்த நடையை இப்போது சிமென்ட்டுக்குக் கொடுத்துவிட்டீர்கள். கபில் தேவ் 1983இல் டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக அடித்த 175க்குக் காணொளியே கிடையாது. அதை நினைத்து வருந்திக்கொண்டிருந்தோம். விளம்பரம் இன்றுவரை உள்ளே நுழைய முடியாத இன்னிங்ஸ் என்று இப்போது பொறாமையாக இருக்கிறது.

சில காலம் முன்பு பந்தய விளையாட்டுச் செயலிகளின் விளம்பரங்கள் வந்தன. கடைசியில் ‘நிதி இழப்பு ஏற்படலாம், அடிமையாகலாம்’ என்ற எச்சரிக்கையை ஒருவர் படுவேகமாக வாசிப்பார். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் மணிக்கு 161.3 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது சாதனை என்கிறார்கள். இவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. அந்தச் செயலிகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்தோடு அவருக்கு வேலை போய்விட்டது. ஏலக்காய்க்காரர் மட்டும் நலமாக இருக்கிறார்.

ஆகவே எங்கள் கோரிக்கை: கடிகாரத்தை ஒளிபரப்பாளர் மேசையிலும் ஒன்று வையுங்கள். முதல் பந்துக்கு முன் விளம்பரம் முடியாவிட்டால் இரண்டு எச்சரிக்கை, பிறகு ஐந்து ரன். யாருக்கு அந்த ரன் என்று குழம்ப வேண்டாம். விளம்பரத்தில் நடித்த ஆட்டக்காரர்களின் எதிரணிக்குச் சேர்த்துவிடுங்கள். இந்தியாவுக்கு எதிராக ஐந்து ரன் என்றால் சிமென்ட் கம்பெனியே ஓடி வந்து ‘பந்தைக் காட்டுங்கய்யா’ என்று கதறும்.

கைப்பேசியில் பார்க்கும் சரக்குக்கு வேறு குறை. படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, சுருக்கி, ஊர் ஊராக உள்ள சர்வர்களில் ஏற்றுகிறார்கள். கைப்பேசி இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே ஓட்டத் தொடங்குகிறது. டிஷ்ஷை விடப் பின்தங்குவது இதனால்தான். தெருமுனை டீக்கடையில் “அய்யோ!” என்று சத்தம் கிளம்பும்போது எங்கள் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் பந்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருப்பார். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத் உலகக் கோப்பை இறுதிப்போட்டியைச் செயலியில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தோம். ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 137 அடித்த அந்த இரவில் மட்டும் தாமதம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எங்கள் தோல்வி டீக்கடைக்குப் பிறகுதான் வந்தது. விளம்பரமோ ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரே ஓவர் இடைவெளியில் என் கைப்பேசியில் முழங்கால் தைலம், மருமகள் கைப்பேசியில் நகைக்கடன். எங்கள் வீட்டு நிலவரம் எங்களை விட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தங்கள் அதிர்ஷ்டத்தையும் பாராட்ட வேண்டும். 2013 முதல் குழுக்களாகப் பிரித்து ஆடிய ஆண்கள் போட்டிகளில் எல்லாம் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே குழுவில் வந்து விழுகின்றன. எங்கள் தெரு சீட்டுக்காரி பத்து மாதமாகத் தன் தம்பிக்கே சீட்டு விழுந்ததாகச் சொன்னபோது பெரிய சண்டையாகிவிட்டது. தாங்கள் அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கலாம்.

இந்த விண்ணப்பத்தை விற்றவரிடம் கொடுப்பதா, வாங்கியவரிடம் கொடுப்பதா என்று முதலில் யோசித்தோம். 2025 ஜூலையில் பொறுப்பேற்ற தங்கள் தலைமைச் செயல் அதிகாரி, அதற்கு முன் எங்களைக் கையில் வைத்திருக்கும் ஒளிபரப்பு நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவுக்குத் தலைவர் என்று தெரிந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. தங்கள் தலைவர் ஜெய் ஷாவோ அதற்கு முன் இந்திய வாரியத்தின் செயலாளர். தங்கள் வருமானத்தில் அந்த வாரியத்துக்கு 38.5 விழுக்காடு, அடுத்த இடத்திலுள்ள இங்கிலாந்துக்கு ஏழு விழுக்காடுகூட இல்லை. கிரிக்கெட்டை உண்டாக்கியவர்கள் அவர்கள், உட்கார்ந்து பார்த்தவர்கள் நாங்கள். உட்காருவதற்கு இவ்வளவு மதிப்பு உண்டென்று எங்கள் வாத்தியார்களுக்குத் தெரியாமல் போயிற்று.

காசில்லாதவர்கள் தூர்தர்ஷனில் பார்க்கலாமே என்பீர்கள். உண்மைதான், 2007 சட்டப்படி முக்கிய ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்தாக வேண்டும். ஆனால் அப்படிப் பகிர்ந்த ஆட்டத்தை அவர்களுடைய சொந்த ஆன்டெனாவிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் ஒரே சேனலில் கூரை மேல் ஃப்ரீ டிஷ் வைத்தவர் வீட்டில் கிரிக்கெட் ஓடும். கேபிள் கட்டணம் ஒழுங்காகக் கட்டுகிற பக்கத்து வீட்டில் வேறு ஏதோ ஓடும்.

தக்க நடவடிக்கை எடுத்து ஆறாவது பந்தைக் காட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள சரக்கு.

நகல்: பிரசார் பாரதி, புது டெல்லி (ஃப்ரீ டிஷ் வழியாக மட்டும், கேபிளில் அனுப்பினால் வழக்குப் போடுவார்கள்).