இமைக்கும் ஒரு தண்டால்

தொப்பைக்கும் தொடைக்கும் பயிற்சி சொல்லி அலுத்துப்போனவர்கள் இப்போது கண்ணிமைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு ஆள்காட்டி விரலாலும் புருவத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்படியே கண்ணை இறுக்கி மூடிப் பத்து எண்ண வேண்டும். தொங்கின இமை நிமிர்ந்துவிடுமாம். அந்த நேரம் பார்த்து யாரும் காலிங் பெல்லை அழுத்தாமல் இருந்தால் சரி.

சிக்கல் என்னவென்றால், கண்ணை இறுக்கி மூடுவது ஒரு தசை. மேலிமையைத் தூக்குவது இன்னொரு தசை. முன்னதை வேலை வாங்கிவிட்டுப் பின்னதிடம் பலன் கேட்கிறோம். தூக்கும் தசை சோம்பேறியும் அல்ல. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓவர்டைம் இல்லாமல் இமையைத் தாங்கி நிற்கிறது. வயதாக ஆகத் தளர்வது பெரும்பாலும் அதன் தசைநாண். இல்லையென்றால் மேலே மடிந்து விழும் தோல். தோலுக்குத் தண்டால் எடுக்கத் தெரியாது.

முகப்பயிற்சி பற்றி அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. 27 பெண்கள் சேர்ந்தார்கள். 20 வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 16 பேர். தெளிவாகத் தெரிந்த பலன், கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆனதுதான். இமை நிமிர்ந்ததாக அதில் சொல்லவில்லை.

மெல்ல இறங்கிய இமை பார்வையை மறைக்காதவரை, அதை அதன் போக்கில் விடுங்கள். மறைத்தால் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் ஒரு பக்க இமை திடீரென்று தொங்கினாலோ, காட்சி இரட்டையாகத் தெரிந்தாலோ, எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அது நரம்புக் கோளாறாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.