முதுகிலே ஒரு திருவாசி

மூட்டை சுமந்து பல நாள் மலை நடக்கப் போகிறவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், ஆளுக்கொன்று சொல்வார்கள். நல்ல ஷூ என்பார் ஒருவர், மழைக்கோட்டு என்பார் இன்னொருவர், முழங்காலில் வலு என்பார் அனுபவசாலி. விவரம் தெரியாதவர்கள்! உறையிலிருந்து எடுத்து வீசினால் தானே விரிந்து நிற்கும் பாப்-அப் டென்ட் ஒன்று இருந்தால் போதும், மற்றதெல்லாம் அடுத்த பட்சம். அதன் பெருமையை இதுவரை யாரும் முறையாகப் பாடியதில்லை. அந்தக் குறை இன்றோடு தீரட்டும்.

குலப்பெருமையில் தொடங்குவதுதான் மரபு. 1955-இல் அமெரிக்க ஓவியர் பில் மாஸ் ‘பாப் டென்ட்’டை உருவாக்கினார். 2005-இல் பிரான்சின் டெகாத்லான் நிறுவனம் தன் கெச்சுவா வரிசையில் ‘2 செகண்ட்ஸ்’ என்ற டென்ட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காரை நிறுத்து, டிக்கியைத் திற, வீசு, படு. கடற்கரையிலும் இசைவிழாத் திடலிலும் அது காலூன்றிவிட்டது. அதோடு நின்றிருந்தால் அதன் மகிமை பாதிதான் தெரிந்திருக்கும். நம்மவர் சிலர் அதை இமயமலைக்கும் தூக்கிக்கொண்டு போனதால் மீதிப் பாதியும் வெளிப்பட்டது.

ஹம்ப்டா கணவாய் நடையையே எடுத்துக்கொள்வோம். மணாலிக்குப் பக்கத்தில் ஜோப்ராவில் தொடங்கி, சிக்கா, பாலு கா கேரா என்று ஏறி, 4,270 மீட்டர் உயரத்தில் கணவாயைக் கடந்து, மறுபக்கம் ஷியா கோரு வழியாக லாஹூலின் சத்ருவில் இறங்கும் பாதை. நான்கு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி கோத்து நிறுத்தும் சாதாரண டென்ட்டுக்குப் பழகிய கைகள் பத்து நிமிடம் எடுக்கும். நான்கு மாலைக்கு நாற்பது நிமிடம் லாபம்! பிற்பகலிலேயே முகாம் சேர்ந்துவிட்டு, டீ குடிப்பதும் பனிமுகடுகளைப் பார்ப்பதும் தவிர இருட்டும்வரை வேறு வேலையே இல்லாத இடத்தில் இந்த நாற்பது நிமிடம் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம்!

இந்த லாபத்துக்கு அது கேட்கும் கூலியோ மிகச் சொற்பம். இரண்டு பேர் படுக்கும் பாப்-அப் டென்ட் சுமார் மூன்று கிலோ இருக்கும். மலைநடைக்கென்றே செய்த இருவர் டென்ட் ஒன்றரை கிலோவுக்குள்ளேயே கிடைக்கிறது. அந்தக் கூடுதல் ஒன்றரை கிலோவைக் குறை சொல்பவர்கள் நன்றி கெட்டவர்கள். மாலையில் தரப்போகும் பத்து நிமிடத்துக்கான விலையைக் காலையிலிருந்தே தோளில் தவணை தவணையாக வசூலித்துக்கொள்கிறது. கடன் பாக்கி வைக்காத இப்படியொரு நேர்மையை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும்?

எடையைவிட உயர்ந்தது அதன் வடிவம். மற்ற டென்ட்டுகள் கூச்ச சுபாவம் உள்ளவை. சுருட்டினால் பைக்குள் ஓர் ஓரமாய் ஒடுங்கிவிடும். இருப்பதே தெரியாது. பாப்-அப் அப்படி ஒளிந்துகொள்ளாது. மடித்தால் முக்கால் மீட்டர் விட்டமுள்ள வட்டு. எந்த மலைப்பைக்குள்ளும் நுழையாது. வெளியேதான் கட்ட வேண்டும். கட்டிக்கொண்டு நடந்தால் உற்சவ மூர்த்திக்குப் பின்னால் திருவாசி நிற்பதுபோல ஒரு தேஜஸ்! சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறும்போதே பெட்டி முழுக்க அதைத்தான் பார்க்கும். பாதையில் வரும் கோவேறு கழுதையும் ஒரு கணம் தயங்கித்தான் கடக்கும். கணவாய்க் காற்றுக்கும் அதன்மேல் தனிப் பிரியம். பின்னாலிருந்து அடித்தால் ஏற்றத்தில் தள்ளிவிடும். பக்கத்திலிருந்து அடித்தால் பள்ளத்தாக்கை இன்னும் கொஞ்சம் அருகில் கூட்டிப்போய்க் காட்டும்.

முகாம் வந்தது. வீசுகிறீர்கள். இரண்டே விநாடி! சொன்ன சொல் தவறவில்லை. அதன் பிறகு முளை அடிப்பது, கயிறு இழுப்பது, முளை இறங்காத கல்தரையில் பாறாங்கல் தேடிக் கட்டுவது எல்லாம் வழக்கம்போல உண்டு. அவை அந்த இரண்டு விநாடிக் கணக்கில் வராது. அதற்குள் ஒரு காற்று வந்தால், விரித்த வேகத்திலேயே அது அடுத்த முகாமுக்குப் புறப்படவும் தயார்.

இரவில் அதன் உபசாரம் தனி. மலிவான மாதிரிகளில் ஒரே சுவர்தான். உள்ளே படுத்தவர் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீர்த்துளியாகி, விடியுமுன் தூக்கப்பையின் மேலேயே சொட்டும். ஓடைக்குப் போய் முகம் கழுவும் சிரமம் மிச்சம். வளையம் பெரும்பாலும் கண்ணாடி இழையால் ஆனது. அது முறிந்தால், கோத்து நிறுத்தும் டென்ட்டின் அலுமினியக் கம்பிக்குப் போடுவதுபோலக் குழாய்த்துண்டு செருகி ஒட்டுப்போடுவது எளிதல்ல. பழுதுபார்க்கும் கவலையிலிருந்தும் விடுதலை கொடுத்துவிடுகிறது.

மறுநாள் காலைதான் உச்சம். விரிக்க இரண்டு விநாடி என்று பெயரிலேயே போட்டவர்கள், மடிக்க எவ்வளவு நேரம் என்று போடவில்லை. அது அவர்களுடைய தன்னடக்கம். விரல் விறைத்த குளிரில், நனைந்த துணியோடு, வளையத்தை எட்டு வடிவில் முறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக மடக்கிப் பிடிக்க வேண்டும். பிடி நழுவினால் இரண்டே விநாடியில் மறுபடி விரியும். வாக்குத் தவறாத குணம் அதற்கு அப்போதும் உண்டு. அதற்குள் முகாமே கூடிவிடும். ஒருவர் “இடப்பக்கம் அமுக்குங்க” என்பார். “முழங்காலை வைங்க அண்ணா” என்பான் ஒரு தம்பி. முன்பின் தெரியாத மனிதர்களை ஒன்றுசேர்க்கும் சக்தி வேறெந்த டென்ட்டுக்கு உண்டு? நேற்று மாலை சேமித்த பத்து நிமிடமும் இந்த நல்லிணக்கத்துக்கே அர்ப்பணம். மேல்நாட்டு இசைவிழாக்களில் பலர் டென்ட்டை விரித்த இடத்திலேயே விட்டுப் போய்விடுகிறார்கள். அந்தத் துறவு மனப்பான்மை மலையில் செல்லாது. கொண்டுபோனதைக் கீழே இறக்கியே ஆக வேண்டும்.

ஆகவே வாசகர்களே, தயங்காமல் ஒரு பாப்-அப் டென்ட் வாங்குங்கள். காரின் டிக்கியில் வையுங்கள், கடற்கரைக்குக் கொண்டுபோங்கள், மொட்டை மாடியில் விரித்துப் பிள்ளைகளை விளையாட விடுங்கள். மலைக்கு நடக்கும்போது மட்டும் அதை வீட்டிலேயே மரியாதையாக விட்டுவிட்டு, கம்பி கோக்கும் அந்தச் சாதாரண டென்ட்டோடு புறப்படுங்கள். இத்தனை மகிமை உள்ள பொருளைச் சுமக்கும் அருகதை நம் தோள்களுக்குக் கிடையாது.