பூட்டு வீட்டில், சாவி ரெட்மண்டில்

பெறுநர்: மேதகு கணக்கு மீட்புப் படிவம் அவர்கள், மைக்ரோசாஃப்ட் தலைமையகம், ரெட்மண்ட், வாஷிங்டன் மாகாணம்.

பொருள்: தங்கள் வீட்டுக் கணினி தங்களுடையதுதான் என்று மெய்ப்பிக்க முடியாமல் நிற்பவர்கள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய படிவம் அவர்களுக்கு,

மனு என்றால் ஓர் அதிகாரியின் பெயருக்கு எழுதுவதுதான் எங்கள் வழக்கம். உங்கள் அலுவலகத்தில் அதற்கு வழியில்லை. கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பை அனுப்பவோ, கணக்கு விவரங்களைத் திறந்து திருத்தவோ உதவி மைய ஊழியர்களுக்கு அனுமதி கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. மனிதர்கள் கைகட்டி நிற்கிறார்கள். முடிவு உங்கள் கையில். ஆகவே மனுவும் உங்களுக்கே. உங்கள் பெட்டிகளுக்குள் அடங்காத அளவுக்கு எழுதுவதை முன்கூட்டியே பொறுத்தருள வேண்டும்.

வீட்டுக் கணினியின் பூட்டு ஒரு காலத்தில் வெறும் ஒப்புக்குத்தான் இருந்தது. விண்டோஸ் 98 பாஸ்வேர்டு கேட்கும். எஸ்கேப் பட்டனை அழுத்தினால் 'சரி, உள்ளே வாங்க' என்று வழிவிடும். எக்ஸ்பி ஹோமில் சேஃப் மோடுக்குப் போனால் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு பாஸ்வேர்டே இல்லாமல் காத்திருக்கும். அதைப் பாதுகாப்பு என்று அழைத்ததே வேடிக்கை. பிற்பாடு பூட்டு கொஞ்சம் இறுகியது. அப்போதும் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் கல்யாண ஆல்பமும் வீட்டுக் கணக்கு வழக்கும் வந்துவிடும். கணக்கு தொலைவது ஒரு தலைவலி, அவ்வளவுதான். அதற்காக யாரும் ஒப்பாரி வைத்ததில்லை.

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. ஹோம் பதிப்பை முதன்முதலில் இயக்கவே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும் என்றார்கள். மறு ஆண்டே சொந்த உபயோகத்துக்கு வாங்கும் புரோ பதிப்புக்கும் அதே விதி. சிலர் பின்கட்டு வழிகளில் புகுந்து, கணினியோடு மட்டும் நிற்கும் லோக்கல் அக்கவுண்ட் அமைத்துக்கொண்டார்கள். 2025 மார்ச்சில் சோதனைப் பதிப்பில் அந்த வழிகளில் ஒன்றையும் அடைத்தீர்கள். 'எனக்குப் பழைய விண்டோஸ் 10 போதும்' என்று இருந்தவரையும் விடவில்லை. 2025 அக்டோபர் 14க்குப் பிறகு ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுமானால் அவரும் அதே கணக்கோடுதான் வர வேண்டும். இதற்கு நடுவே, விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டு 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் ஹோம் கணினிகளிலும் வட்டு தானாகவே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) ஆகும் ஏற்பாடு பரவலானது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி எங்கே போகிறது? நீங்கள் காவல் காக்கும் அதே கணக்குக்குள். கணக்கு தொலைந்தால் சாவியும் தொலைந்தது. சாவி இல்லாத வட்டை எந்தக் கணினியில் மாட்டினாலும் கல்தான். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது எங்கள் வீடுகளில் மறதி. உங்கள் நிறுவனத்தில் அதுதான் வடிவமைப்பு.

இனி உங்கள் திறமைக்கு வருகிறேன். கணக்கு என்னுடையது என்று ஒருவர் சொன்னால், பழைய பாஸ்வேர்டுகள் என்னென்ன, அண்மையில் யார் யாருக்கு மின்னஞ்சல் அனுப்பினீர்கள், அவற்றின் தலைப்பு என்ன என்று கேட்கிறீர்கள். மின்னஞ்சலுக்காகவே கணக்குத் தொடங்கியவரிடம் இது நியாயமான கேள்வி. ஆனால் கணினியை உயிர்ப்பிக்க வேண்டும் என்பதற்காக மட்டும், நீங்கள் கட்டாயப்படுத்தியதால் மட்டும், கணக்குத் திறந்தவர் அதிலிருந்து யாருக்கு என்ன எழுதியிருப்பார்? 'ஒருவருக்கும் எதுவும் அனுப்பவில்லை' என்ற உண்மையான பதில் கணக்கு அவருடையது என்று மெய்ப்பிக்க உதவாது. அந்தக் கணக்கைத் திருடியவராவது உள்ளே போய் நாலு கடிதம் அனுப்பியிருப்பார். உங்கள் தேர்வில் அவருக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். இன்னொன்று. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி வைத்தவர் உங்களை அணுகவே முடியாது என்பது விதி. பாதுகாப்பு அறிவுரையை ஒழுங்காகக் கேட்டு நடந்தவருக்குத் தரும் மரியாதை அது.

'திருடன் கையில் மடிக்கணினி சிக்கினால் என்ன ஆகும்?' என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நல்ல கேள்வி. வங்கி விவரங்களும் அடையாள அட்டை நகல்களும் கணினியில் கிடக்கும் காலத்தில் மறையாக்கம் தேவைதான்; எஸ்கேப் பட்டன் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் சாதாரணத் திருடனின் தொழிலை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு வேண்டியது பெட்டி. வட்டை அழித்து, விண்டோஸை மறுபடி போட்டு, மாலைக்குள் விற்றுவிடுவான். உங்கள் 48 இலக்கம் அவனைத் தடுப்பதில்லை. உள்ளே இருப்பது வேண்டும் என்று ஏங்குகிற சொந்தக்காரருக்குத்தான் அது மதில். அவருக்கும் கடைசியில் கிடைக்கும் ஆலோசனை 'ரீசெட் செய்யுங்கள், எல்லாம் அழிந்துவிடும்' என்பதே. திருடன் தானாகச் செய்வதைச் சொந்தக்காரரைக் கொண்டு செய்ய வைக்கிறீர்கள்.

'மனிதர்களை உட்கார வைத்தால் ஏமாந்துவிடுவார்கள்' என்பது அடுத்த வாதம். இதற்கு ஆதாரம் உண்டு. 2012இல் மேட் ஹோனன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் ஆப்பிள் கணக்கை, அவருடைய முகவரியையும் வங்கி அட்டையின் கடைசி நான்கு இலக்கத்தையும் தொலைபேசியில் ஒப்பித்தே ஒருவன் கைப்பற்றினான். அவருடைய மடிக்கணினியே தொலைவிலிருந்து துடைக்கப்பட்டது. ஆனால் அங்கே கோளாறு எது? மறுமுனையில் மனிதர் இருந்ததா, நான்கு இலக்கத்தை நம்பி அந்த அழைப்பிலேயே கதவைத் திறந்ததா? தமிழ்நாட்டில் வீட்டுப் பத்திரம் தொலைந்தால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், தேடிக் கிடைக்கவில்லை என்ற சான்று, பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல். அலைச்சல்தான், செருப்புத் தேயும். ஆனாலும் கோடி ரூபாய்ச் சொத்துக்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது, அந்த அலைச்சலே ஏமாற்றுக்காரனுக்கு வேலி. தாமதம் ஒரு காவல் என்பது உங்களுக்கும் தெரிந்ததே: பாதுகாப்பு விவரங்கள் அனைத்தையும் மாற்றினால் 30 நாள் காத்திருக்க வைக்கிறீர்கள். அந்த 30 நாளின் முடிவில் ஒரு மனிதரை உட்கார வைப்பதில் என்ன குறைந்துவிடும்? சார்பதிவாளர் அலுவலகத்தைக் கிண்டலடித்தே வயிறு வளர்த்த எங்களைப் போன்ற பகடி எழுத்தாளர்கள், உங்களைப் பார்த்த பிறகு அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

'மறந்தது அவர் குற்றம், தொலைபேசி எண் கொடுத்திருக்கலாமே' என்பீர்கள். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுக்கலாம். நீங்கள் அனுப்பும் ஓடிபி அப்போது ஊர் பேர் தெரியாதவரின் சட்டைப் பையில் மணியடிக்கும். தவிர, பல வீடுகளில் கணினியை முதலில் இயக்கிக் கொடுப்பவர் கடைக்காரர் அல்லது வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை. கணக்கு அவசரத்தில் பிறக்கிறது; எண் யாருடையதோ, பாஸ்வேர்டு யார் நினைவிலோ. அடுத்த நாளிலிருந்து நான்கு இலக்கப் பின் எண் போதும் என்று நீங்களே பழக்கிவிடுகிறீர்கள். இப்படி ஒரு கணக்கு இருக்கிறது, வட்டு பூட்டப்பட்டிருக்கிறது என்பதே தெரியாதவரை 'மறந்தவர்' என்று சொல்வது தமிழுக்கும் அநியாயம். சொல்லிவிட்டுப் பூட்டியிருந்தால் அவர் குற்றம். சொல்லாமல் பூட்டியது யார் குற்றம்?

ஆகவே கோருவது இதுதான். வட்டைப் பூட்டும் முன் அந்த 48 இலக்கத்தையும் திரையில் முழுதாகக் காட்டி, தாளில் எழுதிக்கொண்டாரா என்று கேளுங்கள். எழுதாதவர் வட்டைப் பூட்டாதீர்கள். லோக்கல் அக்கவுண்ட் வேண்டுமா என்ற கேள்வியைச் சந்துக்குள் ஒளிக்காமல் முதல் திரையிலேயே வையுங்கள். கட்டணம் வாங்கினாலும் சரி, கணினி வாங்கிய ரசீதையும் அடையாள அட்டையையும் பார்த்து, மாதக் கணக்கில் யோசித்தாவது முடிவெடுக்க ஒரு மனிதரை நியமியுங்கள். அவர் இந்த மனுவை நிராகரித்தாலும் பாதகமில்லை, கீழே அவர் கையெழுத்து இருந்தால் போதும்.

இங்ஙனம்,
மனுதாரர்
(பெயர் சரிபார்ப்பில் உள்ளது, வேறொரு மின்னஞ்சல் முகவரி தந்தால்தான் முடிவு தெரிவிக்கப்படுமாம்)