கல்யாண வீட்டாரின் நினைவாற்றல்

நம் ஊர்க் கல்யாண வீட்டாரின் நினைவாற்றலுக்கு ஈடே கிடையாது. போன தலைமுறைக் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார் என்பது நோட்டைப் புரட்டாமலே வாயில் வரும். எந்தப் பெரியப்பாவுக்கும் எந்தச் சித்தப்பாவுக்கும் வரப்புத் தகராறு, எந்த அத்தைக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்காவிட்டால் மனத்தாங்கல், எந்த மாமாவை மேடைக்கு அழைத்துப் போட்டோ எடுக்காவிட்டால் பத்து வருடத்துக்குப் பேச்சு வரும் என்பதெல்லாம் மனப்பாடம். அக்கா மகனுக்கு முந்திரி ஆகாது, தின்றால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும் என்ற ஒரு செய்தி மட்டும் அந்தப் பெரிய மனதில் தங்குவதில்லை. அக்கா மூன்று முறை சொல்லியிருப்பார். மூன்று முறையும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்க்கா" என்று அன்போடு பதில் வந்திருக்கும்.

உட்காரவைக்கும் கலையிலும் இவர்களை மிஞ்ச ஆளில்லை. முதல் பந்தி சம்பந்தி வீட்டாருக்கு. பேசிக்கொள்ளாத பங்காளிகள் இருவரில் ஒருவர் கை கழுவி வெளியே போன பிறகுதான் இன்னொருவருக்கு இலை விழும். இருவருக்குமே அது தெரியாது. மாலை வரவேற்பில் மேடைக்குப் பக்கத்து வட்ட மேசை அலுவலக மேலதிகாரிக்கு, பெயர் அட்டையோடு. மடி பார்க்கும் பெரியவர்களுக்கு வெங்காயம் பூண்டு இல்லாத தனிச் சமையல், பரிமாறத் தனி ஆள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சப்பாத்தி. இவ்வளவும் செய்யத் தெரிந்தவர்களைப் பார்த்து, ஒவ்வாமை உள்ள விருந்தாளிக்கு இடம் ஒதுக்கத் தெரியாதவர்கள் என்று யாரும் பழி சொல்ல முடியாது. மரியாதை கெடும் என்றால் தனி இலை போடுகிறார்கள். மூச்சு நிற்கும் என்றால் எல்லாரோடும் சேர்த்து ஒரே வரிசையில் உட்காரவைக்கிறார்கள். உயிர் விஷயத்தில் இவர்கள் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சமையலில் காட்டும் தாராளத்தை எப்படிப் பாராட்டாமல் இருப்பது? பொங்கல், கேசரி, பாயசம் ஆகியவற்றில் முந்திரி கண்ணுக்குத் தெரியும், குழந்தையே ஒதுக்கிவிடும். குருமாவிலும் பனீர் பட்டர் மசாலாவிலும் அதையே விழுதாக அரைத்து ஊற்றியிருப்பார்கள். தேங்காய்ச் சட்டினி என்று பரிமாறுவதில் நிலக்கடலை கலந்திருக்கும். மரச்செக்குக் கடலை எண்ணெயில் பொரித்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். சுத்திகரித்த எண்ணெயில் கடலையின் புரதம் பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கில் ஆட்டியதில் தங்கிவிடும். ஒவ்வாமையைக் கிளப்புவது அந்தப் புரதம்தான். எண்ணெய் கொதிப்பதால் அது அழிந்துவிடாது. நிலக்கடலையை வறுத்தால் அந்தப் புரதத்தின் வீரியம் இன்னும் கூடவும் செய்யலாம்.

பெருங்காயத்தின் சேவையைத் தனியாகவே சொல்ல வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல தயாரிப்புகளில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். கோதுமையின் குளூட்டன் ஆகாத சீலியாக் நோயாளி, பூரியையும் ரவா கேசரியையும் தள்ளிவைத்துவிட்டு, அரிசிச் சோறும் சாம்பாரும் ரசமும் தனக்குக் குற்றமில்லை என்று நம்பிச் சாப்பிடுவார். சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் மணக்க மணக்கப் பெருங்காயம். அந்த மணத்தை எல்லாரும் மெச்சுவார்கள். அவர் குடல் அடுத்த சில நாள் பதில் சொல்லும்.

எந்தப் பதார்த்தத்தில் என்ன போட்டிருக்கிறது என்று சமையல் மாஸ்டரைக் கேட்டால் கிராம் கணக்கில் சொல்வார். அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. அவரிடம் போய்க் கேட்பது அவரை அவமதிப்பதாகிவிடும் என்று கல்யாண வீட்டார் கேட்பதே இல்லை. தொழிலாளியின் மானத்தை இவ்வளவு காப்பவர்களை வேறெங்கே பார்ப்பது?

பரிமாறும் வேகமும் புகழத்தக்கது. குருமாவில் முங்கிய கரண்டி அடுத்த நொடி கூட்டில் இருக்கும். பஃபே என்றால் விருந்தாளிகளே கரண்டிகளை இடம் மாற்றிப் போடுவார்கள். பிஸ்தா குல்ஃபியை நறுக்கிய கத்திதான் சாதாக் குல்ஃபியையும் நறுக்கும். முந்திரி ஆகாதவர்களில் பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது.

விருந்தோம்பலுக்கு வருவோம். "ஒரு வாய் சாப்பிடு கண்ணு, கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லும் பாட்டியின் அன்பில் கலப்படமே இல்லை. பாயசத்திலிருந்து முந்திரியை விரலால் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைக் குழந்தைக்கு ஊட்டுகிறாரே, அது தன் பேரன் என்ற பாசம். அந்தப் பாசம் பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பாக, உதட்டு வீக்கமாக, இளைப்பாக, வாந்தியாக வெளிவரலாம். அப்போது பையில் இருக்கும் அலர்ஜி மாத்திரையைத் தேடுவார்கள். அரிப்பைக் குறைக்கும் அந்த மாத்திரை அடைபடும் மூச்சைத் திறக்காது. முதலில் வேண்டியது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு வாங்கினால் உட்கார விட வேண்டும். எழுந்து நடக்க விடக் கூடாது. ஜெனரேட்டருக்கு ஒரு ஆள், டிரோனுக்கு ஒரு ஆள், பன்னீர் தெளிக்க இரண்டு ஆள் என்று ஏற்பாடு செய்த மண்டபத்தில், ஊசி யாரிடம் இருக்கிறது, அவசரத்துக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று அறிந்த ஆள் ஒருவரையும் வைக்காதது, நல்ல நாளில் கெட்டதை நினைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தால்தான்.

பிரிட்டனில் 2016-ல் நடாஷா என்ற 15 வயதுப் பெண், வாங்கிச் சாப்பிட்ட ரொட்டியில் எள் இருந்ததை அறியாமல் இறந்தாள். அதன் பிறகு அங்கே சட்டமே மாறியது. கடையிலேயே செய்து கட்டிவைத்து விற்கும் உணவிலும் சேர்மானம் முழுவதையும் அச்சிட வேண்டும் என்ற விதி 2021 அக்டோபரில் அமலுக்கு வந்தது. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள் ஒவ்வாமைப் பொருள்களை எட்டு வகையாகச் சொல்கின்றன. அந்த எட்டில் எள் இல்லை. நல்லெண்ணெயும் எள்ளுப்பொடியும் புழங்கும் பந்தியிலோ லேபிள் என்பதே இல்லை. கல்யாண வீட்டாரின் வாய்ச்சொல்தான் அங்கே லேபிள். அந்தச் சொல்லை அவ்வளவு நம்புகிறார்கள் விருந்தாளிகள்.

இவர்கள் மிகவும் மெச்சும் விருந்தாளி ஒருவர் உண்டு. வீட்டிலேயே பிள்ளைக்கு ஊட்டிவிட்டு வந்து, வெறும் இலைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய். "எந்தத் தொந்தரவும் கொடுக்காத பொண்ணு" என்று அவளுக்குப் பெயர். அவளே டப்பாவைத் திறந்தால், கல்யாண வீட்டுக்கு வந்து கட்டுச்சோறு தின்கிறாள் என்று பெயர். ஒருவேளைச் சோற்றை நம்பிப் போட முடியாத வீடு அவளைப் பொறுமைசாலி என்று புகழ்கிறது. அந்தப் புகழை அவள் கேட்கவில்லை.

அவளுக்கு வேண்டியது பெரிய செலவில்லை. மளிகை லிஸ்ட் போடும் நாளிலேயே மாஸ்டரிடம் சொல்லிவிட்டால், குருமாவுக்கு முந்திரிக்குப் பதில் தேங்காயும் கசகசாவும் அரைப்பார், யாருக்காவது கசகசா ஆகாதென்றால் அதையும் விடுவார். மாவு கலக்காத பெருங்காயம் வாங்குவார். முந்திரியைத் தனியாக வறுத்துவைத்து, கேட்பவர் இலையில் மட்டும் தூவச் சொல்வார். அந்தக் குழந்தைக்கு முதல் பந்தியில் வரிசையின் முனையில் இடம் கொடுங்கள். கரண்டிகள் ஒன்றோடொன்று கலக்காத நேரம் அது. அவனுக்கு என்று மூடிவைத்த பாத்திரத்திலிருந்து, விஷயம் தெரிந்த ஒரே ஆள் பரிமாறட்டும். வட்ட மேசை வரவேற்பு என்றால் இனிப்புக் கவுண்டரை விட்டுத் தள்ளி மேசை போடுங்கள். பஃபே திறப்பதற்கு முன்பே அவன் தட்டு நிரம்பட்டும். தனியே ஒதுக்கிவிடாதீர்கள், பக்கத்தில் அவன் வயதுப் பிள்ளைகள் இருக்கட்டும், அதே சாப்பாட்டைச் சாப்பிடட்டும். கை கழுவுமிடத்தில் சோப்பு வையுங்கள். கிருமிநாசினி ஜெல் நிலக்கடலைப் புரதத்தை அகற்றாது.

அடுத்த முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்புகிறவர்களே, வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டும்போதே கேட்டு, பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்: "உங்க வீட்டுல யாருக்காவது எந்தச் சாப்பாடாவது ஆகாதா?"