ஆறு வார விருந்தாளியின் விண்ணப்பம்

பாந்த்ரா–குர்லா வளாகத்தில் எழுந்தருளியிருக்கும் அமெரிக்கத் தூதரக விசா அதிகாரி அவர்களின் சமுகத்திற்கு, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் வசிக்கும் ஓய்வு பெற்ற ரயில்வே குமாஸ்தா ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் குலாசாரம். நியூ ஜெர்ஸியில் இருக்கும் என் குமாரத்திக்கு அது வசதிப்படாமையால், தாய்வீடே பத்தியச் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஆறு வாரத்துக்கு விமானமேறத் தீர்மானித்திருக்கிறது. அதன் பொருட்டு டி.எஸ். 160 என்னும் படிவத்தை நிரப்ப நேற்றிரவு உட்கார்ந்தேன். உளவு பார்க்க வருகிறாயா, பயங்கரவாதத்தில் ஈடுபடும் உத்தேசம் உண்டா, இனப்படுகொலையில் பங்கெடுத்தாயா என்ற வினாக்களுக்கெல்லாம் 'இல்லை', 'இல்லை' என்று குறித்துக்கொண்டே வருகையில், இம்மாதிரிப் பாதகங்களுக்கு அஞ்சாதவனும் பொய் சொல்வதற்கு மட்டும் கூசுவான் என்று நம்புகிற தங்கள் தேசத்தின் சத்திய விசுவாசம் என்னை உருக்கிவிட்டது. "லேகியத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?" என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி.

விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டணமான 185 டாலர் திரும்பக் கிடையாது என்று அறிந்தேன். இந்தப் பிரயாணத்தில் திரும்பி வராது என்று சத்தியம் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

தங்கள் 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவையும் படித்தேன். பார்த்துவிட்டுப் போக வருகிறேன் என்று விண்ணப்பிக்கிற அந்நியன், அதை அதிகாரியின் மனம் திருப்தியுறும்படி நிரூபிக்கும் வரையில், நிரந்தரமாகத் தங்க வருகிறவனாகவே அனுமானிக்கப்படுவானாம். இதை ஆட்சேபிக்க நான் எழுதவில்லை. என் குடும்பத்தைப் பொறுத்தமட்டில் தங்கள் அனுமானம் சரித்திர பூர்வமானது என்று ஒப்புக்கொள்ளவே எழுதுகிறேன்.

என் பாட்டனார் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்றுக்கொண்டு, "இரண்டே வருஷம்" என்று பாட்டியிடம் சொல்லிவிட்டு, 1943-இல் கும்பகோணத்துக்கு அருகிலிருந்து பம்பாய்க்கு வந்தார். மாட்டுங்காவில் ராமா நாயக் அதற்கு முந்திய வருஷம்தான் ஆரம்பித்திருந்த போஜனசாலையில் இலையைப் போட்டு உட்கார்ந்தார். அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை. எங்களை மட்டும் சொல்வானேன்? மித்தி நதிக்கு இக்கரையில் தாராவித் தகரக் கூரைகளின் கீழே, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். செம்பூரில் சேடா நகருக்கு முருகனையே அழைத்து வந்து குடியேற்றிவிட்டோம். அவரும் திரும்பிப் போவதாகக் காணோம். 1966-இல் சிவசேனை தோன்றி, லுங்கிக்காரர்கள் ஊர் திரும்பவேண்டும் என்று வீதியில் முழங்கிய காலத்திலும், என் தகப்பனார் ஜன்னலைச் சாத்திவிட்டு ரேடியோவில் கச்சேரி கேட்டாரேயன்றி, ரயில்வே கால அட்டவணையைப் புரட்டவில்லை.

தாங்கள் மட்டும் என்ன? 1957-இல் பிரீச் கேண்டியில் வாங்கானேர் மகாராஜாவின் கடலோர மாளிகையைத் தங்கள் சர்க்கார் 999 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. ஊர் திரும்பும் உத்தேசத்துக்கான அத்தாட்சிகளை அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2011-இல் தாங்கள் அதைக் காலி செய்ததும் ஊர் திரும்புவதற்காக அல்ல, தாராவிக்கு அடுத்த வீட்டுக்காரர் ஆவதற்காகத்தான். அந்தக் குத்தகை எண்ணின்மேல் தங்களுக்கு இருந்த அபிமானமும் போகவில்லை போலும்; 2022 நவம்பரில் பம்பாயில் விசிட்டர் விசா நேர்காணலுக்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள் 999 என்று தங்கள் அறிவிப்பே கூறியது. 280 நாளில் பிறக்கிற குழந்தைகளின் கணக்குப்படி, அதற்குள் மூன்று பிரசவம் முடிந்து நான்காவதற்கு வளைகாப்பும் ஆகியிருக்கும்.

போகட்டும், நான் திரும்பி வருவேன் என்பதற்கு ஒரு பிரமாணம் தருகிறேன். பாங்க் பாஸ்புக்கும் பென்ஷன் உத்தரவும் எல்லோரும் காட்டுவார்கள். என் வீடோ பம்பாயின் பழைய பகடி முறையில் பிடித்தது. சொந்தம் என்றும் சொல்ல முடியாது, வாடகை என்று சொன்னால் அந்தத் தொகையைக் கேட்டவர்கள் சிரிப்பார்கள். குடியிருப்பவர் தக்க காரணமின்றித் தொடர்ந்து ஆறு மாதம் குடியிராவிட்டால் அவரை வெளியேற்ற வழக்குத் தொடுக்கலாம் என்று 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆகவே நான் தங்கள் தேசத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக்கூடிய ஒரே ஆத்மா என் வீட்டுச் சொந்தக்காரர். அவருக்கு அந்த ஆனந்தத்தை அளிக்க எனக்குச் சம்மதமில்லை. இதைவிடப் பலமான பந்தம் ஒன்று உலகில் உண்டா?

இதுவும் போதாதென்றால், எங்கள் குடும்பத்தின் முதல் விசா அதிகாரியான என் பாட்டியைத்தான் சொல்லவேண்டும். "அடுத்த தை மாதம் அவசியம் வருகிறேன்" என்று தாத்தா எழுதிய கடிதம் மூன்றாவது முறையாக வந்தபோது, அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, ஒரு கையில் வெண்கலப் பானையும் மறு கையில் என் தகப்பனாருமாக மதராஸ் மெயிலில் தாதரில் வந்து இறங்கினாள். நேர்காணலன்று என் மனைவியும் என்னுடன் வருவாள். நான் ஆறு வாரத்தில் திரும்புவேனா என்பதை அவளிடம் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

இப்படிக்கு,
தங்கள் அனுமானத்துக்குக் கட்டுப்பட்ட,
மாட்டுங்காவாசி