கூலி கேட்டவன் துரோகி

ஐம்பதாயிரம் டாலர் கேட்டாராம். 2024 செப்டம்பரில் டெல்லியிலிருந்து வந்த செய்தி இது. கேட்டவர் சுமித் நாகல், அன்றைக்கு டென்னிஸ் ஒற்றையர் ஆட்டத்தில் நாட்டின் முதலிடத்தில் இருந்தவர். நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆட ஆண்டுக்கு 50,000 டாலர், நம் கணக்கில் நாற்பது லட்சத்துக்கு மேல், கேட்கிறார் என்று அகில இந்திய டென்னிஸ் சங்கமே ஊரைக் கூட்டிச் சொன்னது. நாட்டுக்காக ஆடுவதற்கு ஒருவர் எதற்காகக் காசு கேட்க வேண்டும் என்று சங்கத் தலைவர் கேட்டார். பரிசுப் பணத்தில் பங்கு தருகிறோமே, அரசுத் திட்டத்தில் உதவி வருகிறதே என்றும் கணக்குச் சொன்னார்கள். முதுகுவலி என்று ஸ்வீடன் போட்டியிலிருந்து ஒதுங்கிய மனிதர், சில நாளிலேயே காசுக்கு அலைகிறவராக ஆகிவிட்டார். தன் வேலைக்கு ஊதியம் கேட்பது உலக வழக்கம்தானே என்று அவர் பதில் எழுதினார். அது யார் காதில் விழும்?

கோவையை ஒட்டிய எங்கள் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னையும் பாக்கும் ஏறுகிறவர்கள் உண்டு. மரத்துக்கு இவ்வளவு என்று பேசித்தான் ஏறுவார்கள். தோப்புக்காரர் ஒருவர் கீழே நின்றுகொண்டு, "இது நொய்யல் தண்ணி குடிச்சு வளந்த மரமப்பா, ஊரு மேல பாசமிருந்தா சும்மா ஏறு" என்று சொன்னால் என்ன ஆகும்? ஏறுகிறவர் வடக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏனுங்க, பாசமெல்லாம் நெறைய இருக்குதுங்க. மேல போயிக் கால் வழுக்குனா அந்தப் பாசம் வந்து புடிச்சுக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த தோப்புக்குப் போய்விடுவார். அவரை ஊர்த்துரோகி என்று யாரும் பேசமாட்டார்கள். கூலி தராமல் ஏறச்சொன்ன ஆளைத்தான் டீக்கடையில் வைத்துக் கிழிப்பார்கள். இவ்வளவு எளிய நியாயம் தொண்டாமுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது, டெல்லியில் இல்லை.

நாகல் ஏறாத மரத்தில் யார் ஏறினார் தெரியுமா? நம் கோயமுத்தூர்க்காரர் என். ஸ்ரீராம் பாலாஜி. 1990இல் பிறந்தவர், ராணுவத்தில் பணியில் இருப்பவர், இரட்டையர் ஆட்டத்தைத் தன் தொழிலாக்கிக்கொண்டவர். அந்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோகன் போபண்ணா தன் ஜோடியாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டதும் இவரைத்தான். அப்படிப்பட்டவரை, 34 வயதில், ஸ்டாக்ஹோமில் ஒற்றையர் ஆட்டத்துக்கு இறக்கிவிட்டார்கள். எதிரே எலியாஸ் ஈமர், தன் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால். 4-6, 2-6. அடுத்து ராம்குமார் ராமநாதன், பியோர்ன் போர்கின் மகன் லியோவிடம் தோற்றார். மறுநாள் இரட்டையரும் போயிற்று. மொத்தம் 0-4. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டில் ஒற்றையர் ஆட இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. தோல்வியில் பாலாஜிக்கு ஒரு வெட்கமும் இல்லை. அவர் அதே ஆண்டு பிப்ரவரியில் இஸ்லாமாபாத் போய், புல் தரையில் ஒற்றையர் ஆடி ஜெயித்துக் கொடுத்தவர். 1964க்குப் பிறகு பாகிஸ்தான் மண்ணில் ஆடிய முதல் இந்திய டேவிஸ் கோப்பை அணி அது. ராணுவக்காரருக்குத் தேசபக்தி வகுப்பு எடுக்க டெல்லியில் யாருக்கும் யோக்கியதை கிடையாது. வெட்கப்பட வேண்டியவர்கள் அணிப்பட்டியலில் பெயர் இல்லாத சங்கத்துக்காரர்கள்.

நாகல் கதையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்தால் வயிறு எரியும். 2023 செப்டம்பரில் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான், சுமார் 80,000 ரூபாய்தான், மிச்சம் இருப்பதாகச் சொன்னார். பயிற்சியாளர், விமானம், தங்குமிடம் என்று ஓராண்டுச் சுற்றுக்கு ஒரு கோடி ரூபாய் வரை போகிறது என்றார். நாட்டின் முதல் ஆட்டக்காரரின் பாஸ்புக் அந்த லட்சணத்தில் இருந்தது. அப்போது சங்கத்துக்குத் தேசபக்தி பொங்கவில்லை. பாகிஸ்தான் போட்டிக்கு வரவில்லை என்றதும் மட்டும் பொங்கியது. ஆஸ்திரேலிய ஓப்பனுக்கான வைல்டு கார்டுப் போட்டிக்கு அவர் பெயரையே அனுப்பவில்லை. மனிதர் தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டம் ஆடி உள்ளே போனார். 2024 ஜனவரியில், 31ஆம் தரநிலை பெற்றிருந்த அலெக்சாண்டர் புப்ளிக்கை வீழ்த்தினார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஆட்டக்காரரை ஓர் இந்தியர் வெல்வது, 1989இல் ரமேஷ் கிருஷ்ணன் மாட்ஸ் விலாண்டரை வென்றதற்குப் பிறகு அதுதான் முதல் முறை. சங்கம் தண்டித்தும் ஜெயித்தவர் என்று நாகலுக்கு ஒரு பட்டம் தரலாம். சங்கத்துக்கு என்ன பட்டம் தருவது என்பதை அச்சில் எழுத முடியாது.

காசு வாங்காமல் ஆடுவதுதான் கௌரவம் என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? காசு ஏற்கெனவே நிறைய வைத்திருந்தவர்களிடமிருந்து. 1900இல் டுவைட் டேவிஸ் என்ற ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துச் செல்வந்தர் வெள்ளிக் கிண்ணம் ஒன்றைச் செய்யச் சொல்லி, அமெரிக்காவும் பிரிட்டனும் பாஸ்டனில் மோதிக்கொண்டதில் ஆரம்பித்தது இந்தக் கோப்பை. அப்பன் சொத்து இருந்தால் கூலி தேவையில்லை, கூலி தேவையில்லாதவனே உயர்ந்தவன். இந்த நியாயம் அரை நூற்றாண்டுக்கு மேல் விதியாகவே இருந்தது. ஒப்பந்தம் போட்டுக் காசுக்கு ஆடிய தொழில்முறைக்காரர்களுக்கு 1970கள் வரை டேவிஸ் கோப்பையில் இடமே இல்லை.

அந்த விதிக்குத் தமிழ்நாடு கொடுத்த விலை ஒன்று உண்டு. 1959இல் ராமநாதன் கிருஷ்ணனைத் தொழில்முறை ஆட்டத்துக்கு வரச்சொல்லி ஜாக் கிராமர் மூன்றாண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். நாகர்கோவிலில் பிறந்த அந்த மனிதர் மறுத்துவிட்டார். அடுத்த இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி. 1966இல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்கே கொண்டுபோனார். அன்றைய ஒன்றரை லட்சம் டாலரின் இன்றைய மதிப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேசபக்திக்கான முன்பணத்தை இந்திய டென்னிஸ்காரர்கள் அப்போதே கட்டிவிட்டார்கள். ரசீதைத்தான் சங்கம் தொலைத்துவிட்டது.

1974ஐயும் சொல்லியாக வேண்டும். விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்த அணி இறுதிக்குப் போனது. எதிரணி, நிறவெறி அரசின் தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. பந்து ஒன்றுகூட அடிக்காமல் கோப்பை அவர்களுக்குப் போனது. செய்தது சரிதான், ஆயிரம் முறை சரி. ஆனால் மறுக்கும் முடிவை எடுத்தது அரசு. வாழ்நாளில் ஒருமுறை வரும் வாய்ப்பை விட்டுக்கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள். இந்த நாட்டின் மானத்துக்காக ஒரு கோப்பையையே கொடுத்த கூட்டத்திடம்தான் இன்றைக்கு, நாட்டுக்காக நீ என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள்.

சரி, கோப்பையின் சொந்தக்காரர்களாவது புனிதர்களா? 2018 ஆகஸ்டில், அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு கூடி வாக்கெடுத்தது. பார்சிலோனா கால்பந்து ஆட்டக்காரர் ஜெரார்ட் பிக்கேயின் காஸ்மோஸ் கம்பெனியோடு 25 ஆண்டு ஒப்பந்தம், மதிப்பு 300 கோடி டாலர். ஐந்து செட் ஆட்டம் மூன்றாகக் குறுகியது. உன் ஊர், என் ஊர் என்று மாறிமாறி நடந்த மேல்நிலைப் போட்டியை மாட்ரிட்டில் ஒரே வாரத்தில் அடைத்தார்கள். 118 ஆண்டுப் பாரம்பரியம் ஒரே பிற்பகலில் முடிந்தது. 25 ஆண்டு ஒப்பந்தமோ ஐந்தாண்டுகூடத் தாங்காமல் 2023 ஜனவரியில் முறிந்தது. காசுக்காகக் கோப்பையின் எலும்பை எடுத்தவர்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. அதற்குப் பெயர் சீர்திருத்தம். 50,000 டாலர் கேட்டால்தான் துரோகம்.

அந்தச் சீர்திருத்தத்தின் லட்சணத்துக்கு ஒரு கணக்கு. 1966இல் கல்கத்தாவில் பிரேசிலோடு 2-2 என்று நின்றபோது, கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணன் தாமஸ் கோக்கிடம் பின்தங்கி, நான்காவது செட்டில் தோல்வியின் வாசல்வரை போய், ஐந்தாவதில் ஜெயித்தார். அப்படித்தான் இந்தியா முதல்முறை இறுதிக்குப் போனது. இன்றைய மூன்று செட் விதி அன்றிருந்தால் கோக் கைகுலுக்கிவிட்டு விமானம் ஏறியிருப்பார். மெல்போர்னில் நடந்த அந்த இறுதியில் எதிரணியின் நியூகோம்பையும் ரோச்சையும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் சாய்த்த கதையும் பிறந்திருக்காது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். தொண்டாமுத்தூரில் டென்னிஸே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எந்தக் காலிக் காட்டுக்குப் போனாலும் டென்னிஸ் பந்து பறக்கும், கிரிக்கெட் மட்டையில் பட்டு. பெரிய டென்னிஸ் போட்டிகளில் முதல் ஏழு கேமுக்கும், பிறகு ஒன்பது ஒன்பது கேமுக்கும் பந்தை மாற்றுவார்கள். எங்கள் பையன்கள் அதன் மஞ்சள் மயிரெல்லாம் உதிர்ந்து மொட்டையாகும்வரை விடமாட்டார்கள். பந்து மட்டும் வந்துவிட்டது, ஆட்டம் வரவில்லை. 2024 தேர்தலில் கோவைக்கு சர்வதேச கிரிக்கெட் மைதானம் என்று வாக்குறுதி வந்தது. டென்னிஸுக்கு வாக்குறுதிகூட வரவில்லை. ஓட்டு இல்லாத ஆட்டத்துக்குப் பொய் சொல்லக்கூட ஆள் இல்லை.

கோர்ட் இல்லையா என்றால், இருக்கிறது. பாக்குத் தோப்பை வெட்டி எழுப்பும் வில்லா விளம்பரத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலைக் காட்சி, நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், டென்னிஸ் கோர்ட். நான்காவதாக எழுதினால்தான் பட்டியல் நிறைவாக இருக்கும் போலும். கட்டிய பிறகு பாருங்கள், வலை கிழிந்து தொங்கும், யாராவது அதன்மேல் துணி காயப் போட்டிருப்பார்கள். அந்தத் தோப்பில் முன்பு மரம் ஏறியவரின் மகன் மட்டையோடு வந்தால் கேட்டில் செக்யூரிட்டி, "யாரப் பாக்கோணும்?" என்பார். கோவை ரேஸ்கோர்ஸ் பக்கத்துக் கிளப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2014இல் சென்னைக் கிளப் ஒன்று வேட்டி கட்டிய நீதிபதியையே உள்ளே விடவில்லை, அதற்காகத் தமிழ்நாடு சட்டமே போட வேண்டியதாயிற்று. நீதிபதிக்கே அந்தக் கதி என்றால் தொண்டாமுத்தூர்ப் பையன் எம்மாத்திரம்?

இருந்த ஒன்றையும் காப்பாற்றவில்லை. நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் உலக ஆட்டக்காரர்கள் வந்து ஆடிய சென்னை ஓப்பனைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கேயும் 2023க்கு மேல் நடக்கவில்லை. ஆண்கள் சுற்றின் அந்தத் தரத்துப் போட்டி இப்போது நாட்டில் ஒன்றுகூட இல்லை. டேவிஸ் கோப்பை இரட்டையரில் உலகிலேயே அதிக வெற்றி, 45, பெற்ற லியாண்டர் பயஸை வளர்த்தது சென்னையில் பிஸ்கட் கம்பெனி ஒன்று அமிர்தராஜ் குடும்பத்தோடு சேர்ந்து நடத்திய பயிற்சிக்கூடம். பிஸ்கட் விற்றவர்களுக்கு இருந்த அக்கறை சங்கம் நடத்தியவர்களுக்கு இல்லை.

ஆட்டக்காரர்கள் கேட்காமலும் இல்லை. 2013இல் சோம்தேவ் தேவ்வர்மன் முன்னால் நிற்க 11 பேர் சேர்ந்து, பரிசுப் பணத்தில் நியாயமான பங்கும் அணி நிர்வாகத்தில் மாற்றமும் கேட்டுப் போர்க்கொடி தூக்கினார்கள். சங்கம் பயஸோடு இன்னும் மூன்று பேரைச் சேர்த்து டெல்லியில் கொரியாவிடம் 1-4 என்று தோற்றது. பாடம் கற்றார்களா? 2024இல் அதே சோம்தேவும் புரவ் ராஜாவும் சங்கத் தேர்தல் முறையை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். தேர்தலை நடத்துங்கள், முடிவை உறையிலிட்டு மூடி வையுங்கள் என்றது டெல்லி உயர்நீதிமன்றம். தன் தேர்தலையே ஒழுங்காக நடத்தத் தெரியாதவர்கள்தான் அடுத்தவர் தேசபக்திக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

2025 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் இந்தியா 3-1 என்று ஜெயித்தது. ஐரோப்பிய மண்ணில் 1993க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி. முதல் ஆட்டத்தில் ஜெரோம் கிம்மை வீழ்த்தியவர் மதுரைக்காரர் தக்ஷினேஸ்வர் சுரேஷ், உலகத் தரவரிசையில் அறுநூறுக்கும் கீழே இருந்தவர், அறிமுக ஆட்டம். மற்ற இரண்டு வெற்றியும் அந்தக் "காசு கேட்ட" நாகலுடையது. மதுரைப் பையன் ஆட்டத்தைத் தீட்டிக்கொண்டது அமெரிக்காவில், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியில். அவனுக்குத் திடலும் பயிற்சியும் கொடுத்தது வட கரோலினா, மாலை போட வந்தது டெல்லி.

திடல் வட கரோலினாவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் பொதுப் பயனுக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். நம் ஊரில் அதை ரிசர்வ் சைட் என்போம். உங்கள் தெருவின் ரிசர்வ் சைட் எங்கே, அதில் இப்போது யார் ஷெட் போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். தொண்டாமுத்தூர் பேரூராட்சி அலுவலகம் காலை பத்து மணிக்குத் திறக்கிறது. நாலு பேராகப் போங்கள். தனியாகப் போனால் நாளைக்கு வாங்க என்பார்கள்.